பத்தமடைப் பாய் கூகுளில் ஏன் வரவில்லை?

கேள்வி: நாங்கள் பத்தமடையில் பாய் நெசவும் வியாபாரமும் செய்கிற குடும்பம். சென்ற ஆண்டு உறவுக்காரப் பையன் ஒருவன் வேர்ட்பிரஸ்ஸில் ஓர் இணையதளம் செய்து கொடுத்தான். எட்டு மாதம் ஆகிறது. மூன்று ஆர்டர்தான் வந்திருக்கிறது. அதிலும் இரண்டு தெரிந்தவர்கள் கொடுத்தது. கூகுளில் பாய் என்று தேடினால் பெரிய விற்பனைத் தளங்கள்தான் வருகின்றன. எங்கள் பெயர் எத்தனை பக்கம் தள்ளிப் பார்த்தாலும் கண்ணில் படவில்லை. ஒரு நிறுவனம் மாதம் 12,000 ரூபாய் கேட்கிறது. 45 நாளில் முதல் பக்கம் உத்தரவாதம், 500 பேக்லிங்க், மாதம் 30 கட்டுரை என்கிறார்கள். ஆறு மாத ஒப்பந்தம், பாதிப் பணம் முன்கூட்டியே. கொடுக்கலாமா? கீவேர்டு நிறையப் போடவும் சொல்கிறார்கள். தளத்தைத் தமிழில் வைப்பதா ஆங்கிலத்தில் வைப்பதா என்றும் புரியவில்லை.
– ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். ஆறு மாதத்துக்கு 72,000 ரூபாய், அதில் 36,000 இப்போதே என்பது ஒரு நெசவுக் குடும்பத்துக்குச் சின்னத் தொகை இல்லை. அவர்கள் தருவதாகச் சொல்லும் மூன்றில் ஒன்றுகூட உங்கள் பாயை விற்றுத் தராது.

தேடலில் முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே தளம் வைத்திருப்பவர்களுக்கான வழிகாட்டியில் எழுதி வைத்திருக்கிறது. ஒழுங்காக வேலை செய்தாலும் பலன் தெரிய நான்கு மாதம் முதல் ஓர் ஆண்டு வரை ஆகும் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. அப்படியிருக்க 45 நாள் கணக்கு எங்கிருந்து வருகிறது? எந்தச் சொல்லுக்கு முதல் பக்கம் என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் உங்கள் கடையின் பெயரையோ, யாருமே தட்டாத ஏழெட்டுச் சொல் கொண்ட ஒரு தொடரையோ சொல்வார்கள். கடைப் பெயரைத் தேடுபவருக்கு உங்கள் தளம் வருவது இயல்பாக நடக்க வேண்டியது. உங்களைக் கேள்விப்படாத ஒருவர் பாய் தேடும்போது வருவதுதான் வியாபாரம்.

500 பேக்லிங்க், அதாவது பிற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு வரும் இணைப்புகள், என்பது இன்னும் மோசம். 1998-இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது அவர்களுடைய முக்கியமான யோசனையே இதுதான்: ஒரு பக்கத்துக்குப் பிற தளங்கள் இணைப்புக் கொடுத்தால் அதற்கு மதிப்பு இருக்கிறது என்று பொருள், மதிப்புள்ள தளம் கொடுக்கும் இணைப்புக்கு இன்னும் கூடுதல் மதிப்பு. நல்ல யோசனைதான். ஆனால் அது தெரிந்த உடனே இணைப்பை விலைக்கு விற்பவர்கள் வந்துவிட்டார்கள். அமெரிக்காவின் ஜே.சி.பென்னி என்ற பெரிய கடைத்தொடருக்கு 2011-இல் என்ன ஆனது என்று பாருங்கள். படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் பல மாதங்கள் அவர்கள்தான் மேலே இருந்தார்கள். சம்பந்தமே இல்லாத நூற்றுக்கணக்கான தளங்களில் பணம் கொடுத்து வைத்த ஆயிரக்கணக்கான இணைப்புகள்தான் காரணம் என்று நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. கூகுள் நடவடிக்கை எடுத்தது. ஒரு பெட்டி வகையைத் தேடினால் முதலிடத்தில் வந்துகொண்டிருந்த அவர்களுடைய பக்கம், இரண்டு மணி நேரத்தில் 71-ஆம் இடத்துக்குப் போனது. அவ்வளவு பெரிய நிறுவனம் அடியைத் தாங்கிக்கொண்டது. உங்களால் தாங்க முடியுமா?

2012-இல் கூகுள் பென்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்த பிறகு இத்தகைய இணைப்புகளைக் கண்டுபிடிப்பது இயந்திரத்தின் அன்றாட வேலையாகிவிட்டது. இப்போது பெரும்பாலும் அவற்றை எண்ணிக்கையில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. அதாவது உங்கள் பணம் போகும், ஒன்றும் நடக்காது. கெட்ட நேரம் இருந்தால் தளத்துக்குத் தண்டனையும் வரும்.

மாதம் 30 கட்டுரைகளை யார் எழுதுவார்கள் என்றும் யோசியுங்கள். பத்தமடைக்கு வராத, கோரையைத் தொட்டுப் பார்க்காத ஒருவர் கணினியை எழுதச் சொல்லி அள்ளிக் கொட்டுவார். தேடலில் ஏறுவதற்காகவே இப்படி மொத்தமாகத் தயாரிக்கும் பக்கங்களைத் தன் விதிகளுக்கு எதிரானவை என்று 2024 மார்ச்சில் கூகுள் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. கையால் எழுதினாலும் இயந்திரம் எழுதினாலும் இந்த விதி ஒன்றுதான்.

சரி, உங்கள் தளத்துக்கு வருவோம். எட்டு மாதமாகியும் எந்தப் பக்கத்திலும் பெயர் தென்படவில்லை என்பது எனக்கு ஒரு சந்தேகத்தைக் கொடுக்கிறது. தளம் கூகுளின் பட்டியலிலேயே இல்லாமல் இருக்கலாம். இதை நீங்களே இப்போது பார்க்கலாம். கூகுள் தேடல் பெட்டியில் 'சைட்' (site) என்பதை ஆங்கிலத்தில் எழுதி, ஒரு முக்காற்புள்ளி (:) வைத்து, இடைவெளி விடாமல் உங்கள் தள முகவரியை எழுதித் தேடுங்கள். உங்கள் பக்கங்கள் வரிசையாக வந்தால் கூகுளுக்கு உங்களைத் தெரியும். ஒன்றுமே வரவில்லை என்றால், அந்தப் பையனை வேர்ட்பிரஸ்ஸில் செட்டிங்ஸ், அதற்குள் ரீடிங் என்ற பகுதியைத் திறக்கச் சொல்லுங்கள். தேடுபொறிகள் இந்தத் தளத்தைப் பட்டியலிட வேண்டாம் என்று சொல்லும் ஒரு சின்னக் கட்டம் அங்கே இருக்கும். தளம் தயாராகும்வரை பலர் அதில் டிக் போட்டு வைப்பார்கள். தளத்தைத் திறந்த பிறகு எடுக்க மறந்துவிடுவார்கள். அந்த டிக் இருக்கும்வரை எத்தனை ஆயிரம் செலவழித்தாலும் தளம் தேடலில் வராது. எடுப்பதற்கு ஒரு நிமிடம் போதும், காசு வேண்டாம்.

அடுத்து கூகுள் சர்ச் கன்சோல். இதுவும் இலவசம். தளம் உங்களுடையது என்று நிரூபித்ததும், என்ன சொல்லைத் தட்டியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனையாவது இடத்தில், எத்தனை பேர் அழுத்தி உள்ளே வந்தார்கள் என்று காட்டும். 16 மாதக் கணக்கு அதில் நிற்கும். புதிதாகப் போட்ட பக்கத்தைப் பார்க்கச் சொல்லி அங்கிருந்தே கூகுளுக்கு வேண்டுகோள் வைக்கலாம். முக்கியமாக, அது உங்கள் சொந்த ஜிமெயில் கணக்கில் இருக்கட்டும்.

கீவேர்டு, அதாவது தேடுபவர் தட்டும் சொல், பற்றிய விஷயம். பக்கத்தின் பின்னணிக் குறியீட்டில் கீவேர்டு பட்டியல் போடுவது பழைய வழக்கம். தேடலில் வரிசைப்படுத்த அதைப் பயன்படுத்துவதே இல்லை என்று 2009-இலேயே கூகுள் சொல்லிவிட்டது. பக்கத்துக்குள் வரிக்கு வரி 'சிறந்த பாய், மலிவான பாய், ஆன்லைன் பாய்' என்று திணிப்பதும் வேண்டாம். படிப்பவருக்கு எரிச்சல் வரும், கூகுளும் அதை ஏமாற்று வேலையாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஆனால் வாங்குபவர் என்ன சொல்லைத் தட்டுவார் என்று தெரிந்து வைத்திருப்பது வேறு விஷயம். உங்கள் நேரத்தை நான் செலவிடச் சொல்வது இதில்தான்.

'பாய்' என்று தட்டுபவர் யோகா பாய் தேடலாம், பிளாஸ்டிக் பாய் தேடலாம், காரில் போடும் மிதியடிகூடத் தேடலாம். அந்தச் சொல்லில் பெரிய விற்பனைத் தளங்களோடு மோத வேண்டிய அவசியமே உங்களுக்கு இல்லை. வெறும் 'பத்தமடை' என்று தட்டுபவர்கூட உங்கள் வாடிக்கையாளர் என்று சொல்ல முடியாது; 1887-இல் உங்கள் ஊரில் பிறந்த சுவாமி சிவானந்தரைப் பற்றித் தெரிந்துகொள்ள வந்தவராக இருக்கலாம். ஆனால் 'மணமக்கள் பெயர் போட்ட கல்யாணப் பாய்' என்று ஒருவர் தட்டினால்? அவர் வீட்டில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெயரும் தேதியும் கையில் இருக்கிறது. கொடுக்கப் பணமும் ஒதுக்கியிருக்கிறார். இப்படித் தேடுபவர்கள் குறைவுதான். ஆனால் அவர்களில் ஒருவர் வந்தால்கூட ஆர்டர் வர வாய்ப்பிருக்கிறது. அந்தத் தேடலுக்குப் பெரிய தளங்களிடம் நல்ல பதிலும் இருக்காது.

இந்தச் சொற்களைக் கண்டுபிடிக்க நிறுவனம் எதுவும் வேண்டாம். உங்கள் போனில் வாட்ஸப்பைத் திறந்து, கடந்த இரண்டு வருடத்தில் வாடிக்கையாளர்கள் கேட்ட கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். பட்டுப் பாய்க்கும் சாதாரணக் கோரைப் பாய்க்கும் என்ன வித்தியாசம், பெயர் நெய்ய எத்தனை நாள், இரண்டு பேர் படுக்க எந்த அளவு, குழந்தையைப் படுக்க வைக்கலாமா, சாயம் உடம்பில் ஒட்டுமா, தண்ணீர் பட்டால் என்ன செய்வது, பூஞ்சை பிடிக்குமா, சுருட்டி வைக்கணுமா மடிக்கலாமா, சிங்கப்பூருக்கு அனுப்புவீர்களா. அவர்கள் கேட்ட அதே சொற்களில் எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் தொழிலில் சொல்லும் சொல் ஒன்று, வாங்குபவர் சொல்வது வேறொன்றாக இருக்கும். தேடல் பெட்டியில் விழுவது அவருடைய சொல்தான். அப்புறம், அந்தச் சொல்லைக் கூகுளில் தட்டத் தொடங்கும்போது கீழே தானாக விரியும் வரிகளையும் பாருங்கள். மற்றவர்கள் எப்படித் தேடுகிறார்கள் என்பது அதிலேயே ஓரளவு தெரியும்.

இனி பக்கம் எழுதுவது. பலருடைய தளங்களைப்போல உங்களுடையதிலும் ஒரே 'பொருட்கள்' பக்கத்தில் எல்லாப் பாயும் வரிசையாக இருக்கும் என்று நினைக்கிறேன். அதைப் பிரியுங்கள். கல்யாணப் பாய்க்கு ஒரு தனிப் பக்கம் வேண்டும். அதன் தலைப்பு 'ஹோம்' என்றோ 'ப்ராடக்ட் 3' என்றோ இருக்கக் கூடாது. 'மணமக்கள் பெயர் நெய்த பத்தமடைக் கல்யாணப் பாய்: அளவு, விலை, நெய்ய ஆகும் நாள்' என்று இருந்தால் கூகுளுக்கும் புரியும், தேடல் முடிவில் அதைப் பார்ப்பவருக்கும் புரியும். பக்கத்துக்குள் விலையைத் தயங்காமல் போடுங்கள். 'விலைக்குத் தொடர்பு கொள்ளவும்' என்றால் பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள். அளவை அடியிலும் சென்டிமீட்டரிலும் கொடுங்கள். தமிழ் எழுத்தில் பெயர் நெய்ய முடியுமா, ஆங்கிலத்தில் மட்டும்தானா, எத்தனை எழுத்து கொள்ளும், கல்யாணத்துக்கு எத்தனை வாரம் முன்பே சொல்ல வேண்டும், பெயர் தவறாக நெய்துவிட்டால் யார் பொறுப்பு என்பதெல்லாம் அங்கேயே இருக்கட்டும்.

அதற்கு மேல், உங்களுக்கு மட்டுமே தெரிந்ததை எழுதுங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையை எப்போது அறுக்கிறீர்கள், எப்படிக் கீறுகிறீர்கள், ஏன் ஓடும் தண்ணீரில் ஊறப்போட வேண்டும், ஊடும் பாவும் எதில், ஒரு நாளைக்கு எத்தனை அங்குலம் நகரும். தறியில் உட்கார்ந்திருப்பவரிடம் கேட்டு, அவர் சொல்வதை அப்படியே எழுதினால் போதும். இலக்கணம் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் பரவாயில்லை. அந்த 30 கட்டுரைக்காரரால் இதில் ஒரு பத்திகூட எழுத முடியாது. விலை ஏன் கடைத்தெருப் பாயைவிட அதிகம் என்று வாங்குபவருக்குப் புரிய வைப்பதும் இந்தப் பகுதிதான். பொதுவான கேள்விகளுக்குக் கூகுளே இப்போது முடிவுகளின் உச்சியில் ஒரு பதிலைத் தயாரித்துக் காட்டிவிடுகிறது. 'கோரைப் பாய் என்றால் என்ன' என்று தேடுபவர் உங்கள் தளத்துக்கு வராமலே போகலாம். வாங்க நினைப்பவர் வந்துதான் ஆக வேண்டும், அதனால் அவரை மனதில் வைத்தே எழுதுங்கள்.

பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தச் சட்டப்படி நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவு செய்திருந்தால் பதிவு எண்ணோடு தளத்தில் போடுங்கள். பதிவு இல்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள், முத்திரைப் படத்தை மட்டும் எடுத்து ஒட்டிக்கொள்ள வேண்டாம்.

தமிழா ஆங்கிலமா என்றால், இரண்டும். ஆனால் தனித்தனிப் பக்கமாக. ஒரே பக்கத்தில் பாதி தமிழ், பாதி ஆங்கிலம் என்று கலந்தால் அந்தப் பக்கம் எந்த மொழியில் தேடுபவருக்கு என்று இயந்திரத்துக்குத் தெளிவாகத் தெரியாது. கல்யாணப் பாயைத் தேடுபவர் தமிழிலும் தட்டுவார், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியும் தட்டுவார். சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர் வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் ஆங்கிலத்தில்தான் தேடுவார்கள். உங்கள் ஊர்ப் பெயரையே இரண்டு 'டி' போட்டு எழுதுபவர்களும் உண்டு, 'டி-எச்' போட்டு எழுதுபவர்களும் உண்டு. ஆங்கிலப் பக்கத்தில் ஒன்றை முதன்மையாக வைத்து, இன்னொன்றை ஓரிடத்தில் இயல்பாகக் குறிப்பிடுங்கள். இயந்திர மொழிபெயர்ப்பை அப்படியே ஏற்ற வேண்டாம். கல்லூரியில் படிக்கும் பெண் வீட்டில் இருந்தால் அவளையே எளிய ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள்.

தமிழ்ப் பக்கத்தில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகச் சரிபார்க்க வேண்டும். எழுத்து யூனிகோடில், அதாவது எல்லாக் கணினியும் போனும் படிக்கும் பொது எழுத்து முறையில், இருக்க வேண்டும். அச்சகங்களில் இன்னும் புழங்கும் பழைய எழுத்துருக்களில் அடித்து ஒட்டினால் திரையில் தமிழ் தெரியும், கூகுளுக்கோ அது பொருளில்லாத ஆங்கில எழுத்துக் குவியல். விலைப்பட்டியலைப் போஸ்டராக வடிவமைத்துப் படமாக ஏற்றுவதும் இதே மாதிரிதான். வாட்ஸப்புக்கு அந்தப் போஸ்டர் சரி, தளத்தில் எழுத்து எழுத்தாகவே இருக்க வேண்டும்.

படங்கள் உங்களுக்கு மிகப் பெரிய பலம். பாய் கண்ணால் பார்த்து வாங்குகிற பொருள், படங்கள் வழியாகத் தேடி வருபவர்கள் நிறைய இருப்பார்கள். காலை வெயிலில் திண்ணையில் விரித்து எடுங்கள். முழுப் பாய் ஒன்று, ஓர வேலைப்பாடு நெருக்கத்தில் ஒன்று, பெயர் நெய்த இடம் ஒன்று, அளவு தெரிய ஆள் உட்கார்ந்து ஒன்று. ஒவ்வொரு படத்துக்கும் அது என்ன என்று ஒரு வரி விளக்கம் சேர்க்க வேர்ட்பிரஸ்ஸில் இடம் இருக்கிறது, அதைக் காலியாக விடாதீர்கள். போனில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றினால் ஒவ்வொன்றும் நான்கைந்து எம்.பி. இருக்கும். 200 கே.பி.க்குள் சுருக்கி ஏற்றுங்கள். கூகுள் இப்போது தளத்தின் மொபைல் வடிவத்தை வைத்துத்தான் பட்டியலிடுகிறது. பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை விநாடிக்குள் திரையில் வர வேண்டும் என்பது அதன் அளவுகோல். பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற இலவசக் கருவியில் முகவரியைக் கொடுத்தால் எது தாமதப்படுத்துகிறது என்று சொல்லிவிடும்.

தளத்துக்கு வெளியே செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். கூகுள் பிசினஸ் புரொஃபைலில் கடையைப் பதியுங்கள். திருநெல்வேலியிலோ அம்பாசமுத்திரத்திலோ நின்றுகொண்டு ஒருவர் தேடும்போது வரைபடத்தோடு உங்கள் பெயர் வர அதுதான் வழி. வாடிக்கையாளரிடம் விமர்சனம் எழுதச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் எழுதினால் தள்ளுபடி என்று சொல்லாதீர்கள், அது விதிக்கு எதிரானது. விற்பனைப் பொருட்களைத் தேடலில் காட்ட உதவும் கூகுளின் மெர்ச்சன்ட் சென்டரிலும் பொருட்களை விலையோடு இலவசமாகவே பதியலாம். இணைப்புகள் வேண்டும் என்றால் உங்களிடம் சரக்கு எடுக்கும் கடைகள், கைவினைப் பொருள் விற்பவர்கள், கல்யாண ஏற்பாட்டாளர்கள் ஆகியோரிடம் அவர்கள் தளத்தில் உங்கள் பெயரோடு ஒரு இணைப்புப் போடச் சொல்லுங்கள். உங்களைத் தெரிந்தவர்கள் தரும் அப்படிப்பட்ட ஐந்து இணைப்புகள், அந்த 500-ஐவிட எவ்வளவோ மேல்.

விளம்பரம் கொடுப்பதை நான் தடுக்க மாட்டேன். பணம் கட்டி விளம்பரம் செய்தால் சாதாரணத் தேடலிலும் இடம் ஏறும் என்று யாராவது சொன்னால் மட்டும் நம்பாதீர்கள், இரண்டுக்கும் தொடர்பு கிடையாது. தை, மாசி முகூர்த்தங்களுக்கு ஆர்டர் எடுக்க வேண்டிய காலத்தில், அதாவது ஐப்பசி, கார்த்திகையில், கல்யாணப் பாய்ப் பக்கத்துக்கு மட்டும் சிறு தொகையில் செய்து பாருங்கள். அதற்கு முன்பே, புரட்டாசிக்குள் அந்தப் பக்கம் தயாராகி இருந்தால் கூகுள் அதைப் படித்துப் பட்டியலிட நேரம் கிடைக்கும்.

ஒரு விஷயத்தையும் மறைக்க விரும்பவில்லை. தேடலில் வந்து நின்றாலும் ஆர்டர் வராமல் போகலாம். உங்கள் தளத்தை, அதைப் பார்த்தே இராத ஒரு தோழியின் போனில் திறந்து கொடுத்து, ஒரு பாய் வாங்கச் சொல்லுங்கள். நீங்கள் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அவர் எங்கே தடுமாறுகிறார் என்று தெரியும். அனுப்பும் செலவு கடைசித் திரையில்தான் தெரிகிறதா, யுபிஐ வேலை செய்கிறதா, வாட்ஸப் எண் கண்ணில் படுகிறதா. வந்தவரைத் திருப்பி அனுப்பும் தளத்துக்கு மேலும் ஆட்களைக் கூட்டி வருவதில் பயனில்லை.

36,000 ரூபாய் கையில் இருக்கிறது என்றால் அதில் சிறு பகுதியை நல்ல படங்களுக்கும், தளத்தை வேகப்படுத்தித் தரும் ஒருவருக்கும் கொடுங்கள். மீதியைக் கோரை வாங்க வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மாதம் கழித்து சர்ச் கன்சோலில் 'கல்யாணப் பாய்' தொடர்பான தேடல்களில் உங்கள் பக்கம் காட்டப்பட்ட எண்ணிக்கை கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தும் யாரும் அழுத்தவில்லை என்றால் தலைப்பை மாற்றுங்கள். கூடவே இல்லை என்றால் அந்தத் திரையின் படத்தோடு எனக்கு எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.

கடைசியாக, தளத்தின் முகவரிப் பெயர் (டொமைன்) யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே அந்தப் பையனிடம் கேளுங்கள். அவன் மின்னஞ்சலில் இருந்தால் உங்கள் மின்னஞ்சலுக்கு மாற்றச் சொல்லி, புதுப்பிக்கும் தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அவன் வேலைக்காக வெளியூர் போய், புதுப்பிக்கச் சொல்லும் கடிதத்தைக் கவனிக்காமல் விட்டால், பெயரை வேறு யாராவது வாங்கிவிடலாம்.